மாத்திரை போட்டும் ஏறாத ரத்தம்... வயிற்றுக்குள் கசியும் நாளங்களைச் சூடு வைத்து அடைப்பது எப்படி?

"ரெண்டு படி ஏறுறதுக்குள்ள ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?" என்று மகள் கேட்கிறார். "வயசாச்சுல்லடி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் அம்மா. ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 7 என்று வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆஸ்பத்திரியில் சேர்த்து 2 யூனிட் ரத்தம். ஒருவழியாக 9-க்கு ஏறுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் 7.

ஏற்றிய ரத்தமெல்லாம் எங்கே போகிறது?

மோட்டார் போட்டுக்கொண்டே இருந்தும் மொட்டைமாடி டேங்க் நிரம்பவில்லை என்றால், குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். உடம்புக்கும் அதே கணக்குதான். சில பேருக்கு இரைப்பையின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய ரத்த நாளங்கள் விரிந்து, வலியே இல்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாக எண்டோஸ்கோபி குழாயை விட்டு, அந்த நாளங்களைச் சூடு வைத்து அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது? யாருக்குச் செய்வார்கள்? ஒரே தடவையில் சரியாகிவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தினமும் 2 டீஸ்பூன்... கண்ணுக்கே தெரியாத இழப்பு!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆரோக்கியமானவரின் 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சும் இரும்புச்சத்து 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

இப்போது தினமும் 10 மில்லி, அதாவது 2 டீஸ்பூன் ரத்தம் வயிற்றுக்குள் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு போகும் இரும்புச்சத்து சுமார் 5 மில்லிகிராம். வரவு 2, செலவு 5. எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் இந்தக் கணக்கு நேராகாது. உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சேமிப்பு தீர்ந்ததும் ரத்தசோகை ஆரம்பிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த அளவு கசிவு மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரைப்பையில் சுமார் 50 மில்லிக்கு மேல் ரத்தம் கசிந்தால்தான் மலம் தார் போலக் கருப்பாகப் போகும். அதற்குக் கீழே இருந்தால் நிறம் மாறாது. வலியும் இருக்காது. வெளியே தெரிவதெல்லாம் சோர்வு, மூச்சு வாங்கல், படபடப்பு, வெளிறிய முகம் மட்டும்தான். இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது: "வயசாச்சு".

இன்னொரு குழப்பமும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலே மலம் கருப்பாகப் போகும். அதனால் உண்மையிலேயே ரத்தம் கசிந்தாலும், "மாத்திரையாலதான் இப்படி" என்று விட்டுவிடுவார்கள். வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரையால் வரும் கருப்பு, கரும்பச்சை கலந்து கெட்டியாக இருக்கும். ரத்தத்தால் வரும் கருப்பு பளபளப்பாக, தார் போல ஒட்டும் தன்மையுடன், வழக்கத்தைவிட மோசமான நாற்றத்துடன் இருக்கும். சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அது என்ன 'தர்பூசணி வயிறு'?

இரைப்பைக்குள் கசியும் ரத்த நாளக் கோளாறுகளில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, ஆஞ்சியோடிஸ்பிளேசியா. உட்சுவரில் ஆங்காங்கே நாளங்கள் விரிந்து, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக இருக்கும். சில புள்ளிகள் சிலந்தியின் கால்கள் போலக் கிளை விட்டிருக்கும். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என எங்கு வேண்டுமானாலும் இவை வரலாம்.

இரண்டாவதுதான் மருத்துவர்கள் 'கேவ்' என்று சுருக்கமாகச் சொல்லும் கோளாறு. இதில் இரைப்பையின் அடிப்பகுதியில் இருக்கும் நாளங்கள் வரிசை வரிசையாக விரிந்துவிடும். எண்டோஸ்கோபியில் பார்த்தால், இரைப்பையின் வாசலை நோக்கிச் சிவப்புக் கோடுகள் ஓடுவது தர்பூசணித் தோலில் இருக்கும் பட்டைகள் போலவே இருக்கும். 1953-ல் மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவான இந்தக் கோளாறுக்கு, 1984-ல் 'தர்பூசணி வயிறு' என்ற பெயர் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் இதை 'வாட்டர்மெலன் ஸ்டொமக்' என்றுதான் சொல்கிறார்கள்.

சில பேருக்குக் கோடுகளாக இல்லாமல் புள்ளிகளாகச் சிதறி இருக்கும். அப்போது இது சாதாரண கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி போலவே தெரியும். "வயித்துல லேசா புண்ணு மாதிரி இருக்கு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பல மாதம் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால், மறுபடியும் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

யாருக்கெல்லாம் வரும்?

வயதானவர்களுக்கு அதிகம். தர்பூசணி வயிறு குறிப்பாக வயதான பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றோடு சேர்ந்து வரும் நோய்கள்:

• லிவர் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய். தர்பூசணி வயிறு உள்ளவர்களில் சுமார் 30% பேருக்கு இது இருக்கிறது.

• தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக வைக்கும் ஸ்க்லெரோடெர்மா போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள்.

• நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தத்தட்டுகள் சரியாக வேலை செய்யாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் தரப்படும். அதனால் சின்னக் கசிவுகூட நிற்காமல் ஓடும்.

• பரம்பரையாக வரும் ஒரு ரத்த நாள நோய். வீட்டில் பெற்றோர், பிள்ளைகள் எனப் பலருக்கும் அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

• இதய வால்வு சுருக்கம்.

கடைசியாகச் சொன்னதைப் பார்த்து, "இதய வால்வுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றலாம். எட்வர்ட் ஹெய்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1958-லேயே இதைக் கவனித்து எழுதினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வு சுருங்கிய நோயாளிகளுக்கு, காரணம் தெரியாத குடல் ரத்தக்கசிவும் இருப்பதை அவர் பார்த்தார். காரணம் பிற்பாடுதான் புரிந்தது. நம் ரத்தத்தில் 'வான் வில்லிபிராண்ட் காரணி' என்ற நீளமான புரதம் இருக்கிறது. ரத்தம் உறைய இது அவசியம். சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது இந்தப் புரதம் இழுபட்டுத் துண்டு துண்டாகிவிடுகிறது. அதன்பிறகு குடலில் இருக்கும் பலவீனமான நாளம் கசிந்தால், அதை அடைக்க ஆள் இல்லை. வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவும் குறைந்துவிடுகிறது. வயிற்றில் சூடு வைப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

ஆர்கான் வெல்டிங் தெரியும்ல? கிட்டத்தட்ட அதே வாயுதான்!

சரி, சிகிச்சைக்கு வருவோம். இதன் பெயர் ஆர்கான் பிளாஸ்மா கோயாகுலேஷன். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஏ.பி.சி. என்பார்கள்.

பட்டறை வாசல்களில் 'இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆர்கான்தான் இங்கேயும். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே கிட்டத்தட்ட 1% ஆர்கான் இருக்கிறது. எதனுடனும் எளிதில் வினை புரியாத, எரியாத வாயு. ஆனால் உயர் அதிர்வெண் மின்சாரம் பாயும்போது இது மின்சாரத்தைக் கடத்தும் 'பிளாஸ்மா' நிலைக்கு மாறிவிடும்.

எண்டோஸ்கோபி குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாயை விடுகிறார்கள். அதன் நுனியிலிருந்து ஆர்கான் வாயு மெதுவாக வெளியே வரும். உள்ளே இருக்கும் மின்முனை மின்சாரத்தைக் கொடுத்ததும், நுனிக்கும் இரைப்பைச் சுவருக்கும் நடுவில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பொறி பறக்கும். குழாய் சுவரைத் தொடுவதே இல்லை. சில மில்லிமீட்டர் தள்ளி நின்றே வேலையை முடித்துவிடும். பொறி பட்ட இடம் வெந்து, வெள்ளையாக உறைந்துவிடும். சூடான தோசைக்கல்லில் முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவது போல, நாளத்தில் இருக்கும் புரதங்களும் சூட்டில் உறைந்து துவாரத்தை அடைத்துவிடுகின்றன.

"இரைப்பைச் சுவரே சில மில்லிமீட்டர்தானே, ஓட்டை விழாதா?" என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். ஏ.பி.சி.யின் சிறப்பே இங்கேதான் இருக்கிறது. ஈரமான திசுதான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு இடம் வெந்து காய்ந்ததும் அது மின்சாரத்தை எதிர்க்க ஆரம்பிக்கும். உடனே பொறி தானாகவே பக்கத்தில் இருக்கும் ஈரமான இடத்துக்குத் தாவிவிடும். இதனால் சூடு ஆழமாக இறங்காமல் மேலோட்டமாகப் பரவுகிறது. பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான். இரைப்பையில் பரவலாக இருக்கும் மேலோட்டமான நாளங்களுக்கு இது பொருந்திப்போவதற்குக் காரணம் இதுதான். சுவர் இன்னும் மெல்லிசாக இருக்கும் சிறுகுடலில் மின்சக்தியைக் குறைத்து வைப்பார்கள்.

இதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஒரு காலத்தில் இரைப்பையின் அடிப்பகுதியையே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறகு லேசர் வந்தது. அது நன்றாக வேலை செய்தாலும் கருவி விலை அதிகம். ஆழமாக இறங்கி ஓட்டை விழும் ஆபத்தும் கூடுதல். அறுவை சிகிச்சை அரங்கில் பயன்பட்ட ஆர்கான் முறையை, 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகர மருத்துவர்கள் எண்டோஸ்கோபிக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். அதன்பிறகு உலகம் முழுக்க இது பரவியது.

சிகிச்சை நாளில் என்ன நடக்கும்?

சுமார் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்வார்கள். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, தேவைப்பட்டால் தூக்க ஊசியும் போடுவார்கள். இடதுபக்கமாகப் படுக்க வைத்து, பல்லால் குழாயைக் கடிக்காமல் இருக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள்.

தொடையில் ஒரு பேடும் ஒட்டுவார்கள். உள்ளே செல்லும் மின்சாரம் பாதுகாப்பாக வெளியே வர அதுதான் வழி. அதனால் நகைகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்வது ரொம்ப முக்கியம். மின்சாரம் அதன் வேலையைக் குழப்பலாம் என்பதால், அதற்கான ஏற்பாட்டோடுதான் தொடங்குவார்கள்.

பெரும்பாலும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆர்கான் வாயு உள்ளே போவதால் வயிறு உப்பின மாதிரி இருக்கும். மருத்துவர் அவ்வப்போது அதை உறிஞ்சி எடுத்துவிடுவார். பலர் அன்றைக்கே வீடு திரும்பலாம். தூக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும்.

சூடு பட்ட இடங்களில் சின்னப் புண்கள் உண்டாகி, சில வாரங்களில் ஆறும். அதுவரை அமிலத்தைக் குறைக்கும் பேண்டாபிரசோல் போன்ற மாத்திரைகள் தருவார்கள். லேசான வயிற்றுவலி, உப்புசம் சகஜம். ஓட்டை விழுவது, புண்ணிலிருந்து ரத்தம் வருவது போன்றவை அபூர்வம்தான். ஆனால் கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரே சிட்டிங்கில் முடிந்துவிடுமா?

இதைத்தான் நோயாளிகளும் குடும்பமும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் முடியாது.

தர்பூசணி வயிற்றில் கோடுகள் பரவலாக இருப்பதால், சில வார இடைவெளியில் 2 முதல் 4 சிட்டிங் வரை தேவைப்படலாம். சிலருக்கு அதற்கும் மேலே போகும். ஆஞ்சியோடிஸ்பிளேசியாவில், சூடு வைத்த புள்ளி அடங்கினாலும் வேறொரு இடத்தில் புதிய புள்ளி தலைகாட்டும். எண்டோஸ்கோபி மூலம் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, 2 வருடங்களுக்குள் மறுபடியும் கசிவு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

"அப்படின்னா எதுக்குச் செய்யணும்?" என்று கேட்கலாம். இந்தச் சிகிச்சையின் வெற்றியை 'இனி வரவே வராது' என்பதை வைத்து அளக்கக் கூடாது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவர் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும், அல்லது மாத்திரையே போதும் என்ற நிலைக்கு வருவதுதான் வெற்றி. ரத்தம் ஏற்ற ஒவ்வொரு தடவையும் டோனர் தேடி அலைவது, படுக்கை கிடைக்கக் காத்திருப்பது, கூட இருப்பவர் வேலைக்கு லீவு போடுவது என்று ஒரு குடும்பம் படும் பாடு குறைகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும்? முதல் சிட்டிங் முடிந்து மறுபடியும் ரத்தம் இறங்கியதும், "அந்த டாக்டர் சரியில்லை" என்று நினைத்துச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவார்கள். பழையபடி மாத்திரை, பழையபடி ரத்தம் ஏற்றல். அடுத்த சிட்டிங் எப்போது என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

எல்லாக் கசிவுக்கும் சூடு வைக்க முடியாது!

வயிற்றில் ரத்தம் என்றாலே ஏ.பி.சி. கிடையாது. எந்த நாளம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

• கல்லீரல் நோயால் உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் வெடித்தால், ரப்பர் வளையம் மாட்டி இறுக்குவார்கள். அங்கே சூடு வைப்பதில்லை.

• 'டியூலஃபாய்' என்ற கோளாறில், இயல்பைவிடப் பெரிய தமனி ஒன்று இரைப்பைச் சுவரின் மேற்பரப்புக்கு வந்து திடீரென்று பீய்ச்சி அடிக்கும். இதற்கு உலோக கிளிப் மாட்டுவார்கள். அல்லது சூடேற்றும் முனையால் நாளத்தை அழுத்திப் பிடித்து, அதன் சுவர்களை ஒட்ட வைப்பார்கள். அழுத்தமும் சூடும் சேர்ந்தால்தான் பெரிய நாளம் அடங்கும்.

• தர்பூசணி வயிறு ஏ.பி.சி.க்கு அடங்காவிட்டால், ரப்பர் வளைய முறையும் ரேடியோ அலைச் சூடு முறையும் இருக்கின்றன. வளைய முறையில் குறைவான சிட்டிங் போதும் எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

• சிறுகுடலில் பல இடங்களில் கசிந்தால் மருந்தும் ஒரு வழி. சீனாவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் தாலிடோமைடு மருந்து கசிவைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதித்ததால் 1960-களில் உலகையே உலுக்கிய மருந்து அது. நரம்புப் பாதிப்பும் வரலாம். சிறப்பு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை வந்தால், அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மாதவிடாய் ரத்தப்போக்கு இல்லாதபோது, இரும்புச்சத்து போகும் வழி பெரும்பாலும் இரைப்பையாகவோ குடலாகவோதான் இருக்கும். புற்றுநோயும் இதே மாதிரி சத்தமில்லாமல் கசியலாம். அதனால்தான் இரைப்பைக்கான எண்டோஸ்கோபி, பெருங்குடலுக்கான கொலனோஸ்கோபி இரண்டையும் பரிந்துரைக்கிறார்கள். இரண்டிலும் தெரியவில்லை என்றால், மாத்திரை போல விழுங்கும் கேப்சூல் கேமரா சிறுகுடலைப் படம் பிடித்துக் காட்டும்.

மருத்துவரிடம் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள்:

• ஃபெரிட்டின் அளவு என்ன? உண்மையிலேயே இரும்புச்சத்துக் குறைபாடுதானா?

• கசிவு எங்கே என்று தேடிவிட்டோமா? எண்டோஸ்கோபி எப்போது?

• ஏ.பி.சி. செய்தால் எத்தனை சிட்டிங் தேவைப்படலாம்?

• கல்லீரல், சிறுநீரகம், இதய வால்வு மூன்றையும் பார்த்துவிட்டோமா?

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதே சமயம், இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் இரைப்பை மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், இரைப்பை குடல் பிரிவில் ஏ.பி.சி. கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

ரத்த வாந்தி, காபி டிகாஷன் சக்கை போன்ற வாந்தி, தார் போன்ற கருப்பு மலம், எழுந்து நின்றதும் மயக்கம், நெஞ்சுவலி, உடம்பு சில்லிட்டு வியர்ப்பது... இதில் எது இருந்தாலும் அது மெதுவான கசிவு இல்லை, அவசர நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

மற்றபடி, வீட்டில் யாருக்காவது மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை, ஏறியது மறுபடியும் இறங்குகிறது என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிட வேண்டாம். வயதானால் ரத்தம் தானாகக் குறையாது. அது எங்கே போகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.